என் முழு ஆயுளையும் ஊதிக் கொடுத்த கதை

இப்போதெல்லாம் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் நோயாளியைப் பார்ப்பதே இல்லை. மாத்திரை டப்பாவைப் பார்க்கிறார்கள். மின்விசிறியைப் பார்க்கிறார்கள். சுவரில் ஓடும் விரிசலைப் பார்த்து, "வீட்டுக்காரர் பூசித் தரலையா?" என்று அக்கறையாக விசாரிக்கிறார்கள். படுத்திருப்பவன் கண்ணை மட்டும் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் எதையாவது பேசித் தொலைக்க வேண்டுமே! கடைசியில் அவன் காலைத் தட்டி, "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுவார்கள். அவனால் தண்ணீரே விழுங்க முடியாது. இவர்கள் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வருவார்கள்.

இப்படிப்பட்ட சனங்களை நம்பி ஒருவன் கடை திறந்தால் ஓடாமல் என்ன செய்யும்? ஓடியது. பிய்த்துக்கொண்டு ஓடியது.

மெத்தைக் கடைக்கு மேலே ஒரு மாடி. விடிந்ததும் விடியாததுமாக அங்கே வரிசை நிற்கும். படிக்கட்டில் இறங்கி, தெருவில் திரும்பி, மருந்துக்கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். மருந்துக்கடைக்காரர் கொஞ்ச நாள் விரட்டிப் பார்த்தார். பிறகு கடையைச் சம்சாரத்திடம் விட்டுவிட்டு அவரும் வரிசையில் நின்றார். அவருடைய அக்காவுக்குச் சிறுநீரகம் சரியில்லையாம். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். எனக்கு முன்னால் நின்றவர்கள் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டு ஆபீஸ் போகிறவர்கள். வரிசைக்கு வந்ததும் அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் அங்கே இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் ஏன் போனேன் என்று கேட்பீர்கள். நாற்பது வருஷம் லாரி ஓட்டியவன் நான். பிரேக் பிடிக்கும் என்று எந்த மெக்கானிக் சத்தியம் செய்தாலும், ஒருமுறை மிதித்துப் பார்க்காமல் வண்டியை எடுத்ததில்லை. என் தங்கை வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டவன் எப்படி இருக்கிறான் என்று பார்க்கத்தான் போனேன்.

மேலே இருந்தவருக்கு மூச்சு மாஸ்டர் என்று பெயர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் செருப்பு. பல் அதைவிட வெள்ளை. பக்கத்தில் ஒரு குண்டு மனிதர், பெட்டி பெட்டியாகப் பாட்டில்களைத் தூக்கிவந்து அடுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் வேர்வை. அந்த அறையில் உண்மையாக உழைத்த ஒரே ஆள் அவர்தான்.

மாஸ்டர் எழுந்து நின்றார். "உங்கள் ஆயுள் எங்கே இருக்கிறது? இதயத்திலா? இல்லை. மூளையிலா? இல்லை. மூச்சில்! மூச்சு நின்றால் என்ன ஆகும்?"

"செத்துப் போவோம்!" என்று கூட்டம் கத்தியது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மாஸ்டர் தேவைப்பட்டிருக்கிறார்.

விஷயம் இதுதான். உங்கள் வீட்டில் ஒருவர் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாரா? உங்கள் ஆயுளில் கொஞ்சம் எடுத்து அவருக்குக் கொடுக்கலாம். ஒரு பாட்டிலில் தெளிந்த தண்ணீர் கொஞ்சம் இருக்கும். அதில் ஒரு குழாயை விட்டு நீங்கள் ஊத வேண்டும். ஊத ஊதத் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். வெளுத்தது எது? உங்கள் ஆயுள்! சட்டென்று மூடி போட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் தினமும் திறந்து நோயாளியின் மூக்குக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். சின்ன பாட்டில் ஆறு மாசம். நடுத்தரம் இரண்டு வருஷம். பெரியது ஐந்து வருஷம்.

"மூடி போட்ட அந்த நொடியே உங்கள் கணக்கில் கழிந்துவிடும். நோயாளி கணக்கில் ஏறிவிடும்" என்றார் மாஸ்டர். "ஒரு நொடிகூடத் தாமதம் கிடையாது."

மூச்சு இலவசம். பாட்டில் இலவசம். மூடிக்கு மட்டும் அன்பளிப்பு. மூடி இல்லாமல் ஆயுளை எப்படி வீடு வரை கொண்டுபோவதாம்? அந்த மூடி என்ன விலை என்று நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு வயிறு எரியும்.

எனக்கு முன்னால் ஒரு அம்மா ஊதினார். தண்ணீர் வெளுத்தது. "ஐயோ, என் ஆயுள் எவ்வளவு வெள்ளையா இருக்கு!" என்று தேம்பித் தேம்பி அழுதார். பக்கத்தில் ஊதிய அம்மா எட்டிப் பார்த்து, "என்னோடது இன்னும் வெள்ளை" என்றார்.

இதிலெல்லாம் எனக்கு வருத்தம் இல்லை. சிரித்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் மாஸ்டர் கடைசியாக ஒரு விதி சொன்னார். அந்த விதிதான் என் தங்கையைக் கொன்றுகொண்டிருந்தது.

"ஆயுள் கொடுத்தவர்கள் நோயாளியின் அறைக்குள் போகக் கூடாது. மூச்சு தன் சொந்தக்காரரைக் கண்டால் திரும்பி ஓடிவந்துவிடும். நோயாளி அங்கேயே முடிந்துவிடுவார்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. ஆனால் சில முகங்களை நான் கவனித்தேன். ஒரு சுமை இறங்கிய மாதிரி இருந்தன. இனி அந்த அறைக்குள் போக வேண்டாம். கண்ணைப் பார்க்க வேண்டாம். போகாமல் இருப்பதே இப்போது தியாகம்! இந்தச் சரக்கைத்தான் மாஸ்டர் விற்றுக்கொண்டிருந்தார். பாட்டில் சும்மா.

இனி என் மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். அவன் என் தங்கை புருஷன். அதற்கு முன்பே என் கூட்டாளி. காலமெல்லாம் பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்த்தவன். வாய் மூடாதவன். வயிற்று வலி என்று போனான். கணையத்தில் புற்று என்றார்கள். டாக்டர் நல்ல மனுஷி. "ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டிவிட்டது. வலி தெரியாமல் வைத்துக்கொள்ள எங்களால் முடியும். மீதி நாளைக் குடும்பத்தோடு நிம்மதியாக இருக்கட்டும்" என்று மறைக்காமல் சொன்னார்.

குடும்பம் அவனை விட்டுவிட்டு மாடிக்கு ஓடியது.

மகன் நடுத்தரப் பாட்டில் ஊதினான். அதைக் கேள்விப்பட்ட மகள், "நான் என்ன குறைச்சலா?" என்று பெரிய பாட்டில் ஊதினாள். மகன் திரும்பிப் போய் இன்னொன்று ஊதினான். அவன் பெண்டாட்டி அதற்காக அவனோடு பேசவில்லை. "எங்களோட வாழ வேண்டிய வருஷத்தை யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?" என்றாளாம். மருமகன் ரொம்ப நேரம் யோசித்துச் சின்ன பாட்டிலை எடுத்தான். "தப்பா நினைக்காதீங்க. வீட்டு லோன் முடியுற வரைக்கும் நான் இருந்தாகணும்" என்று விளக்கம் வேறு. கீழ் வீட்டுக்காரர் ஆறு மாசம் கொடுத்துவிட்டு, "அது கடைசி ஆறு மாசம்தானே? நடுவுல எடுத்துட மாட்டாங்களே?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

என் தங்கைதான் பைத்தியக்காரி. பெரிய பாட்டிலாக வரிசையாக வைத்து ஊதியிருக்கிறாள். தலை சுற்றி விழப் போனவளை அந்தக் குண்டு மனிதர்தான் பிடித்தாராம்.

அதற்குப் பிறகு அவள் புருஷன் அறைக்குள் போகவில்லை. வாசல்படியில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. அவள் அதற்கு இந்தப் பக்கம். சக்கரம் வைத்த ஸ்டூலில் சாப்பாட்டுத் தட்டை வைத்து, தரை துடைக்கும் கட்டையால் உள்ளே தள்ளுவாள். தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சில நேரம் ஸ்டூல் வழி மாறி அலமாரியில் போய் முட்டும். மறுபடி கட்டையால் இழுத்துத் தள்ளுவாள். பார்க்கச் சிரிப்பு வரும்.

அந்தக் கோபக்கார மருமகளை விட்டால், ஊதாதவன் நான் ஒருத்தன்தான். அதனால் உள்ளே போக எனக்குத்தான் அனுமதி. குளிப்பாட்டுவது, முகம் மழிப்பது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான். அலமாரி முழுக்கப் பாட்டில். மச்சான் அவற்றைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான்.

"ஒண்ணைத் திற மச்சான், யாருன்னு சொல்றேன்" என்பான்.

திறந்து மூக்கில் பிடிப்பேன்.

"இது மருமகன். சிகரெட்டை விட்டுட்டேன்னு என் பொண்ணுகிட்ட சத்தியம் பண்ணினானே, பொய். அடுத்தது திற. ம்... இது கீழ் வீட்டுக்காரன். பல் டாக்டரைப் பார்க்கச் சொல்லு."

"உன் பெண்டாட்டியோடது எது?"

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "அதைத் திறக்காத. அதுல ஒரு வாசனையும் இல்ல. அவ வாசனை பாட்டில்ல வராது."

அன்றைக்குத்தான் கேட்டேன். "ஏன்டா, தெம்பா இருக்கு, பசிக்குதுன்னு எல்லார்கிட்டயும் சொல்றியாமே? உன்னைக் காட்டித்தான் அவன் கூட்டம் சேர்க்கிறான். அரைக் கரண்டி கஞ்சி உள்ள போக மாட்டேங்குது. எதுக்கு இந்தப் பொய்?"

"நீ அன்னைக்கு இல்ல மச்சான். டாக்டர் சொன்னதிலேருந்து அவ முகம் செத்த முகமா இருந்துச்சு. பாட்டிலோட வந்து நின்னா பாரு, முகம் வெளுத்து நாளாச்சு, அன்னைக்குத்தான் கொஞ்சம் ரத்தம் ஓடுச்சு. 'எப்படி இருக்கு?'ன்னு கேட்டா. என்னன்னு சொல்றது? நல்லா இருக்குன்னேன். ஒரு தடவை சொல்லிட்டேன். அப்புறம் தினமும் சொல்ல வேண்டியதாப் போச்சு."

"இப்ப?"

"இப்ப அவ வெளிய நிக்கிறா. உள்ள வான்னு கூப்பிட்டா, 'உங்களை நானே கொல்லணுமா?'ன்னு அழறா. எனக்குப் பயம் இல்லைன்னு நினைக்காத. இருக்கு. சாயங்காலம் ஆனா வயித்துக்குள்ள குடையுற வலியை விட அந்தப் பயம்தான் பெரிசு. அதைச் சொல்ல ஆள் வேணும் மச்சான். பாட்டில்கிட்டயா சொல்றது? மருமகன் மூச்சு வந்து என்ன ஆறுதல் சொல்லும்?"

நான் அவன் காலைத் தட்டவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு சமையலறைக்குப் போய்த் தங்கையைப் பிடித்தேன். "ஊதினா எவனுக்காவது ஆயுள் போகுமா? அறிவு இருக்கா உனக்கு?"

"நீ நம்ப வேண்டாம் அண்ணா."

"நீ நம்புறியா?"

பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "எனக்குத் தெரியல. ஆனா ஒருவேளை நிஜமா இருந்துட்டா? நான் உள்ள போய், அந்த நிமிஷமே அவர் போயிட்டா? நீ வந்து பதில் சொல்வியா?"

ஒருவேளை! உலகத்தில் எல்லாப் பித்தலாட்டக்காரனும் இந்த ஒரு வார்த்தையில்தான் மாடி வீடு கட்டுகிறான். நம்பிக்கைகூட வேண்டாம் அவனுக்கு. பயம் போதும். பேசி ஜெயிக்க முடியாது, மிதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்று முடிவுசெய்தேன்.

வாய்ப்பு தானாக வந்தது. மாடிக் கூட்டத்துக்கு மச்சான்தான் இப்போது பெரிய விளம்பரம். அவனை நேரில் காட்ட வேண்டும் என்று, மாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார். பேர் 'மகா ஊதல்'. கூடம் முழுக்க உறவு. வராந்தாவில் அக்கம்பக்கம். படிக்கட்டில் முன்பின் தெரியாதவர்கள். ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குண்டு மனிதர் பாட்டில் பெட்டியை மூன்று மாடி தூக்கிவந்து இரைக்க இரைக்க உட்கார்ந்தார். ஆயுளையே சுமந்து வந்தவருக்கு அவ்வளவு இரைப்பு.

மாஸ்டர் ரிப்பனுக்கு வெளியே நின்று அறைக்குள் கை காட்டினார். "பாருங்கள்! டாக்டர்கள் கைவிட்ட மனிதர். முகத்தில் எவ்வளவு ஒளி!"

"அது ஜன்னல் வெளிச்சம்" என்றான் மச்சான் உள்ளேயிருந்து.

மாஸ்டர் காதில் விழாத மாதிரி திரும்பினார். "இந்தக் குடும்பத்தில் இன்னும் ஆயுள் கொடுக்காத நெருங்கிய சொந்தம் யாராவது உண்டா?"

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.

"நான் இருக்கேன்" என்றேன்.

"வாருங்கள் பெரியவரே! சின்னதா, நடுத்தரமா, பெரியதா?"

"மிச்சம் இருக்கிறது எல்லாத்தையும்."

"எல்லாத்தையும் என்றால்?"

"எல்லாத்தையும்னா எல்லாத்தையும்தான். எவ்வளவு மிச்சமோ, ஒரு பொட்டு பாக்கி வைக்காம எடுத்துக்குங்க. மூடி போட்ட நொடியே கழிஞ்சிடும்னு மாடியில சொன்னீங்களே. கழிச்சுக்குங்க."

"அண்ணா, வேண்டாம்!" என்று தங்கை சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

உள்ளேயிருந்து மச்சான் கேட்டான்: "மச்சான், மத்தியானம் சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்டா."

"அப்ப சரி."

மாஸ்டர் முகத்தில் முதல்முறையாகப் பல் தெரியவில்லை. "பெரியவரே, இது விளையாட்டு இல்லை. முழு ஆயுளையும் கொடுக்க விதியில் இடம் கிடையாது."

"அப்படி ஒரு விதி மாடியில சொல்லலியே?"

"முழுசாகக் கொடுத்தால் நீங்கள் இங்கேயே விழுந்துவிடுவீர்கள். அந்தப் பாவம் எனக்கு எதற்கு?"

"விழுந்துடுவேனா? உறுதியா?"

"நிச்சயமாக விழுந்துவிடுவீர்கள்!"

"செல்போன் வெச்சிருக்கிறவங்க எல்லாரும் இதைப் பிடிச்சுக்குங்க" என்றேன். "மாஸ்டர், தங்கச்சி புருஷனுக்காக ஒருத்தன் உயிரையே கொடுக்கறேங்கறான். வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு?"

கூட்டத்துக்கு என்ன வேண்டும்? வேடிக்கை வேண்டும். "கொடுக்கட்டும் மாஸ்டர்!" என்று ஒருத்தன் குரல் கொடுத்தான். "பெரிய மனசு!" என்றான் இன்னொருத்தன். ஒரு அம்மா எனக்குப் பின்னால் இருந்த கண்ணாடி டம்ளர்களை எடுத்து ஓரமாக வைத்தார். நான் விழும்போது உடையக் கூடாதாம். மருமகன் சோபாவை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தான். ஒரு மனுஷன் சாகப் போகிறான் என்று நம்பிய அத்தனை பேரில், தடுக்க வந்தது என் தங்கை ஒருத்திதான்.

பெட்டியில் இருந்து நானே ஒரு பெரிய பாட்டிலை எடுத்தேன். குழாயை வாயில் வைத்து ஊதினேன். குமிழ் குமிழாக வந்தது. தண்ணீர் வெளுத்தது. குண்டு மனிதர் கையிலிருந்து மூடியைப் பிடுங்கி, அழுத்தி மூடினேன்.

பயமாக இருந்ததா என்று கேட்பீர்கள். காது கொஞ்சம் அடைத்தது. நெடுநேரம் ஊதினால் யாருக்கும் அடைக்கும்.

யாரும் மூச்சுவிடவில்லை. மூச்சு அவ்வளவு விலை அந்த வீட்டில்.

"விழுந்துட்டானா?" என்றான் மச்சான்.

"இன்னும் இல்லப்பா" என்றான் அவன் மகன்.

"பார்த்து, சோபா பக்கமா விழச் சொல்லு. இடுப்பு வீக்கு அவனுக்கு."

நான் தும்மினேன். அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்குள் ஒரே தூசி.

கூட்டம் மாஸ்டரைப் பார்த்தது. மாஸ்டர் லேசுப்பட்ட ஆள் இல்லை. சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "எனக்கு அப்போதே தெரியும். இவருக்கு ஆயுளில் மிச்சமே ஒரு துளிதான். அந்தக் கடைசித் துளிதான் இப்போது பாட்டிலில் இருக்கிறது. உடம்பு விழக் கொஞ்சம் நேரம் எடுக்கும்."

"அப்ப இனிமே என்கிட்ட ஒண்ணும் இல்ல?"

"ஒன்றுமே இல்லை."

"சுத்தமா?"

"சுத்தமாக!"

"சரி. இன்னொரு பாட்டில் கொடுங்க."

அவர் கொடுக்கவில்லை. நானே எடுத்தேன். ஊதினேன். வெளுத்தது. முன்னதைவிட நன்றாகவே வெளுத்தது. "இது யாரு ஆயுள்?" என்று கேட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன். அதுவும் வெளுத்தது. அடுத்தது. அதற்கும் அடுத்தது. செத்தவன் நின்றுகொண்டு பாட்டில் பாட்டிலாக ஊதினேன். மருமகன் ஒன்றை எடுத்து ஊதினான். கீழ் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்தார். டம்ளரை ஓரம் வைத்த அம்மாவும் ஒரு கை பார்த்தார். எங்கே பார்த்தாலும் குபுகுபுவென்று சத்தம்.

குண்டு மனிதருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று அலறினார்: "அத்தான், போதும்னு சொல்லுங்க அத்தான்! காலையில கரைச்ச சுண்ணாம்புத் தண்ணியே இவ்வளவுதான். சாயங்காலக் கூட்டத்துக்கு நான் எங்க போவேன்?"

குபுகுபு நின்றது.

"சுண்ணாம்பா?" என்றார் டம்ளர் அம்மா. "சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பா?"

"ஆமாம்மா. கரைச்சுத் தெளிய வெச்சு, மேல நிக்கிற தண்ணிய மட்டும் எடுக்கணும். யார் ஊதினாலும் வெளுக்கும்." தொழில் சுத்தம் அவருக்கு. "மட்டமான சுண்ணாம்பு இல்லம்மா. நல்ல கடையிலதான் வாங்குறோம்."

மாஸ்டர் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தக் குண்டு மச்சினனுக்கு ஆயுள் பாதி குறைந்திருக்கும். பிறகு மாஸ்டரைக் காணோம். படிக்கட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரே மூச்சில் மூன்று மாடியும் இறங்கினார் என்று கீழே இருந்தவர்கள் சொன்னார்கள். வெள்ளைச் செருப்பில் ஒன்று மட்டும் வராந்தாவில் கிடந்தது. அகப்பட்டது மச்சினன்தான். சட்டையைப் பிடித்து மூடிக் காசைக் கேட்டார்கள். "நான் தண்ணி கரைக்கிறவன்தாங்க, மூடிக் கணக்கு அத்தான்கிட்ட" என்று அவர் கெஞ்சினார்.

கீழ் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "அப்ப என் ஆறு மாசம் எனக்குத் திரும்பி வந்துடுங்களா?"

என்னத்தைச் சொல்ல!

இத்தனை கூச்சலிலும் என் தங்கை ரிப்பனுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை வாசல் நிலையில். கால் நகரவில்லை.

"இன்னும் என்ன?" என்றேன்.

"தண்ணி பொய்தான் அண்ணா. எனக்குப் புரியுது. ஆனா நான் உள்ள போய், இவருக்கு ஏதாவது..."

மச்சான் தலையணையில் கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தான். முடியவில்லை. படுத்தபடியே, பஸ்ஸில் கத்துகிற அந்தப் பழைய குரலில் கத்தினான்:

"படியில நிக்காதம்மா! உள்ள வா, உள்ள வா! உள்ள நிறைய இடம் இருக்கு!"

கூடத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள், அழுகையோடு.

"நான் வந்து உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஆகும்" என்றான் அவன். குரல் இறங்கிவிட்டது. "நீ வந்தாலும் ஆகும். வராட்டியும் ஆகும். அதை டாக்டரம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்க. எனக்குப் பசிக்கல. தெம்பா இல்ல. உனக்காகப் பொய் சொன்னேன். நீ வெளிய நிக்கும்போது ஆகணுமா, பக்கத்துல இருக்கும்போது ஆகணுமா, அது மட்டும்தான் நம்ம கையில இருக்கு. எனக்குப் பயமா இருக்கும்மா."

அவள் ரிப்பனை அவிழ்க்கவில்லை. தாண்டவும் இல்லை. அப்படியே நடந்தாள். அது அறுந்து அவள் காலோடு இழுபட்டுப் போனது.

அவன் சாகவில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்து அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். முதலில் சொன்ன வார்த்தை: "இது என்ன மழிச்சிருக்காரு எங்க அண்ணன்? தாடைக்குக் கீழ அப்படியே விட்டிருக்காரு!" பிறகு தலையணை உறையை மோந்து பார்த்துவிட்டு, அதற்கும் என்னைத் திட்டினாள். நான் கதவைச் சாத்திவிட்டு, கூடத்தில் இருந்தவர்களைத் துரத்தினேன். அலமாரிப் பாட்டில்களைப் பிறகு மகனும் மகளுமாகச் சேர்ந்துதான் காலி செய்தார்கள். யார் பெரிய பாட்டில் ஊதியது என்ற சண்டை அதோடு முடிந்தது. இரண்டு பேரும் முறை வைத்து அப்பாவின் கால் பிடித்துவிட்டார்கள்.

மச்சான் இறந்து போனான். கதையில் அற்புதம் ஏதும் இல்லை. டாக்டர் சொன்னபடிதான் நடந்தது. கடைசி வரை வலி மாத்திரை வேளாவேளைக்கு உள்ளே போயிற்று. பயத்தை அவளிடம் சொன்னான், அவளும் தன் பயத்தைச் சொன்னாள், இடையில் சண்டையும் போட்டார்கள். அவன் போகும்போது அவள் அவனுக்குத் தண்ணீர் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். கீழ் வீட்டுக்காரர் மறுநாளே ஆரம்பித்துவிட்டார்: "ரிப்பன் அறுந்துச்சு பாருங்க, அன்னைக்கே நான் நினைச்சேன்." இதற்கு மேல் அந்த மனுஷனோடு என்ன பேசுவது?

அதுகூடப் பரவாயில்லை. சென்ற வாரம் தங்கையைப் பார்த்துவிட்டுக் கீழே வரும்போது, படிக்கட்டில் ஒருவர் என்னை மறித்தார். கழுத்தில் அடையாள அட்டை. அன்று செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர். கையில் ஒரு காலி பாட்டில்.

"ஐயா, நான் எல்லாத்தையும் நேர்ல பார்த்தேன். அவன் ஏமாத்துக்காரன், ஒத்துக்கறேன்."

"சந்தோஷம்."

"ஆனா நீங்க மொத்த ஆயுளையும் கொடுத்தும் விழலியே ஐயா! அப்படின்னா உங்க மூச்சு தீராத மூச்சு. எங்க அம்மாவுக்கு முடியல. இதுல ஒரே ஒரு ஊது ஊதிக் கொடுங்க. புண்ணியமாப் போகும்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். விளையாடவில்லை. நிஜமாகவே கேட்டார்.

"உங்க அம்மா இப்ப எங்க?"

"வீட்ல, அவங்க ரூம்ல."

"பக்கத்துல யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல. நான்தான் இங்க வந்துட்டேனே."

"தம்பி, வாயால ஊதறதுக்கு முன்னால வாய்க்கு மேல இருக்கிறதைக் கொஞ்சம் உபயோகப்படுத்துங்க. அது காலியா இருக்கிற வரைக்கும் ஊருக்கு ஊர் எவனாவது பாட்டிலைத் தூக்கிட்டு வந்துட்டேதான் இருப்பான். வீட்டுக்குப் போங்க. அந்தம்மா கட்டில்ல உட்காருங்க. 'பயமா இருக்கா'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அதுக்கு மூடி வேண்டாம்."

அவர் தலையை ஆட்டினார். ரொம்ப மரியாதையாக ஆட்டினார். ஆனால் பாட்டிலை நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

நான் ஒதுங்கி இறங்கித் தெருவில் நடந்தேன். அவர் வீட்டுக்குப் போயிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? எனக்கு நம்பிக்கை இல்லை.